கன்னத்தில் ஒதுக்கிய வெல்லம்

என் அருமை அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பித்துப் பழக்கம். நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணன் ரயில்வே டூட்டிக்கு ஒழுங்காகப் போய் வருகிறார். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், உப்புதான் இன்னும் கைக்கு அடங்கவில்லை. போன வாரம் நான் விருத்தாசலம் வந்தபோது ரசத்தை ஊற்றிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். நீங்களாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ஒரு சேதி. எங்கள் மருத்துவக் கல்லூரி ஆண்டு மலருக்கு, ஆராய்ச்சிக்கு வருகிற சின்னவர்களுக்கும், பாதி வழியில் நிற்கிற என் வயதுக்காரர்களுக்கும் அறிவுரை எழுதித் தரச் சொன்னார்கள். நான்கு நாள் உட்கார்ந்தேன், ஒரு வரி வரவில்லை. அறிவுரை எழுத வராது, என் அண்ணிக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன், மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். மலர்க் குழுவில் இருக்கிற பையன் தலையைச் சொறிந்தான். சரி என்றான்.

அவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் கடைசி. நான் அப்போது தற்காலிக வேலையில் இருந்த புது டாக்டர். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் நெஞ்சுச் சீக்கு எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் முதல் ஆராய்ச்சி. அதை முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரமாகும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். நீங்கள் அப்படி ஒரு பட்டறையில்தான் பிசிறு தட்டிக்கொண்டிருந்தீர்கள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த கோப்பையின் விளிம்பைக் கத்தியால் சுரண்டி, பிரஷ்ஷால் தட்டிவிடுகிற வேலை. சாயந்திரம் வீட்டுக்கு வரும்போது உங்கள் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். அண்ணனுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. "கெழவி வந்துட்டா" என்பார்.

நான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். முதலாளி மரியாதையாக வரவேற்று, ஃபேனுக்குக் கீழே பெஞ்சு போட்டுக் கொடுத்தார். மேஸ்திரியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இவ்வளவு ஒத்துழைப்பு யாருக்குக் கிடைக்கும்? இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, சளி வருகிறதா என்று வரிசையாகக் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லை என்று பெண்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். உங்கள் முறை வந்தபோது நீங்களும் இல்லை என்றீர்கள். எல்லோருக்கும் ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. வெற்றிலை என்று நினைத்து, வெற்றிலைப் பழக்கம் உண்டு என்று தாளில் குறித்தும் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் போட்டு முடித்த சந்தோஷத்தில் உங்களிடம் வந்து பெருமையாகச் சொன்னேன். நீங்கள் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள்.

"உங்க பட்டறையில நெஞ்சு சீக்கு ரொம்பக் கம்மி அண்ணி. ஒருத்தருக்கும் இருமலே இல்ல."

நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாக மாறி, கரண்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டீர்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

"அன்னிக்கு எங்க கன்னத்தப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேனே. வெத்தல."

"வெத்தல இல்ல கமலா, வெல்லம். வேல முடிஞ்சதும் ஒரு கட்டி வாயில போட்டுக்கினா தொண்டையில இருக்கிற மண்ணு எறங்கும்னு எல்லாரும் திங்கறதுதான். அன்னிக்கு நீ வர்றன்னு தெரிஞ்சு காலையிலயே ஒதுக்கிக்கினோம். கேக்கும்போது இருமிடக் கூடாதுல்ல? மேஸ்திரி பக்கத்துலயே குந்திக்கினு இருக்கறான். இருமுதுன்னு சொன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதன்னுடுவாங்க."

"நீங்களுமா அண்ணி?"

"நானு ரெண்டு கட்டி."

எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே என்று நான் அழாத குறையாகக் கேட்டேன். "நீ அங்க டாக்டராட்டம் வந்த. இங்க வூட்டுல கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் குழம்பை இறக்கினீர்கள். பெண்ணாடத்துப் பக்கத்து வெல்லம் அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருந்தது. அதை உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். பாயசத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அண்ணி, உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொன்னதற்காகக்கூட இல்லை. அதைப் போய் என்னிடம் உடைத்ததற்காக. நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் நிம்மதியாகப் பஸ் ஏறி, கட்டுரையைக் கொடுத்து, நிரந்தர வேலையோடு உட்கார்ந்திருப்பேன். பத்து நாள் அந்தக் கட்டுரையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு பேராசிரியரிடம் போய் எல்லாம் தப்பு என்று சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "இது இப்படியே போகட்டும்மா, அடுத்ததுல சரி பண்ணிக்கலாம்" என்றார். நான் கட்டுரையைக் கொடுக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. அப்புறம் நான்கு வருஷம் நான் தற்காலிகமாகவே இருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வேலை இருக்கிறதா இல்லையா என்று ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன்.

மறுபடி ஆரம்பித்தபோது கோட்டு இல்லை, பெஞ்சு இல்லை. லீவு நாளில் உங்களோடு வீடு வீடாக வந்தேன். துணி துவைத்துக்கொண்டும் பேன் பார்த்துக்கொண்டும் இருந்தவர்களிடம் பேசினோம். எப்படிக் கேட்பது என்று சொன்னதும் நீங்கள்தான். "இருமுதான்னு கேக்காத. ஒரு நாளைக்கு எத்தினி கட்டி வெல்லம்னு கேளு. அதுல பொய் சொல்ல மாட்டாங்க." அப்படியே கேட்டேன். நிறையச் சாப்பிட்டவர்களைப் பேச்சோடு பேச்சாக இருமலுக்குக் கொண்டுவந்தோம். எக்ஸ்ரே வண்டி வந்த அன்று எல்லோரும் தயங்கி நிற்க, நீங்கள் முதல் ஆளாக ஏறினீர்கள். என் தாளில் வெறும் நம்பர்தான். எந்த நம்பர் யார் என்று எழுதிய நோட்டு உங்கள் அரிசிப் பானைக்குள் இருந்தது. முதலாளி என்னிடம் பெயர் கேட்டபோது, என்னிடம் இல்லை என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது.

உங்கள் படத்தையும் நான் பார்த்தேன். இரண்டு பக்கமும் மாவு தூவின மாதிரி இருந்தது. நெஞ்சுக்குள் போன தூசி போனதுதான், அதைத் திரும்ப எடுக்க மருந்து இல்லை என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களே சொன்னீர்கள். "எனக்கு விடு. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு என்னா பண்ணலாம்னு பாரு." காயுமுன்னே ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டால் தட்டவே வேண்டாம், தூசி கிளம்பாது என்ற யோசனையும் உங்களுடையதுதான். முதலாளி ரொம்ப முணுமுணுத்தார், நேரமாகும் என்றார். கடைசியில் நம்பர் போட்ட படங்களை எல்லாம் அவர் மேஜையில் பரப்பிக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்.

நிரந்தர வேலை என் கையை விட்டுப் போன சேதி அண்ணன் மூலமாக உங்களுக்குத் தெரிந்து, "நான் வாய மூடிக்கினு இருந்திருக்கணும்" என்று வருத்தப்பட்டீர்கள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த நான்கு வருஷமும் கஷ்டம்தான், ஆனால் அதற்கப்புறம் நான் எழுதிய எந்தத் தாளைப் பற்றியும் எனக்குப் பயம் வந்ததில்லை. பதவியும் மெதுவாக வந்து சேர்ந்தது. இப்போது ஒரு அறை, ஒரு மேஜை, கையெழுத்துப் போட ஒரு சிவப்புப் பேனா எல்லாம் இருக்கிறது. நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் அண்ணி.

ஒரு மாதத்துக்கு முன்னால் இந்தக் கதையைப் புதிதாகச் சேர்ந்தவர்கள் கூட்டத்தில் சொன்னேன். வெளிநாடு போனால்தான் மதிப்பா என்று ஒருவர் கேட்டார். போங்கள், ஆனால் போகுமுன் நீங்கள் ஆராய்ச்சி செய்கிற ஆட்களின் வீட்டில் நாலு வேளை சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். என்னைப் போலவே நரைத்துப்போன ஒருவர், பத்து வருஷமாக ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, மாற்றிவிடலாமா என்றார். உங்களுக்கு அலுத்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்புறம் என்ன என்றேன். கைதட்டினார்கள். நானும் கொஞ்சம் மிதப்போடுதான் இறங்கி வந்தேன்.

நேற்று என் அறைக்கு ஒரு பெண் வந்தாள். செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் வேண்டாம். நம் விருத்தாசலத்துப் பக்கம் இருக்கிற மங்களூரைச் சுற்றின கிராமங்களில் குழந்தைகளின் சோகைக்கு மாத்திரை கொடுத்து ஒரு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். இந்த மாதம் முடித்துக் கொடுத்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்று கேட்டாள். மாத்திரை கொடுத்தோம் என்று தாய்மார்கள் சொன்னது பொய்யாம். குழந்தைக்கு வயிறு வலிக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். டாக்டரம்மா மனம் கோணக் கூடாது என்று கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை எல்லாம் அப்படியே பானைக்குப் பின்னால் இருந்ததாம்.

என் மேஜையில் மேலிடத்துக் கடிதம் இருந்தது, எல்லா அறிக்கையும் மாதக் கடைசிக்குள் வர வேண்டும் என்று. அதைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன்: "இது இப்படியே போகட்டும்மா, அடுத்ததுல சரி பண்ணிக்கலாம்."

அந்தப் பெண் மேஜையில் பரப்பியிருந்த தன் தாளை அடுக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க அன்னிக்குப் பேசினதைக் கேட்டுட்டுத்தான் மேடம், நான் திரும்பப் போய் வூடு வூடாப் பாத்தேன்."

தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று பேராசிரியர் சொன்ன அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறாமல். அந்த நாற்காலி பேசவைக்கிறதா, இல்லை, என் வேலை முடிந்தது என்று நானே நினைத்துவிட்டேனா? நீங்கள் இருந்தால் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள்.

அதனால் மலர்க் குழுவினர் கேட்ட அறிவுரை இவ்வளவுதான். சின்னவர்களே, பொய் என்று தெரிந்தால் திரும்பப் போங்கள். என் வயதுக்காரர்களே, திரும்பிப் போகிறவர்களின் சம்பளம் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் இனி நம் ஆராய்ச்சி.

அண்ணி, உங்களுக்குச் சத்தியம் செய்துகொடுக்கிறேன். நாளைக் காலை முதல் வேலையாக அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பேன். அவள் கேட்ட ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போடுவேன். பிறகு மேலிடத்துக்குப் போய், அவள் வேலை நிரந்தரமாவது ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது என்று சண்டை போடுவேன். எனக்காக அன்று யாரும் போடாத சண்டை. நன்றாகவே போடுவேன், கவலைப்படாதீர்கள். சண்டை போட ஒரு நாத்தனாருக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

என்றும் உங்கள் நாத்தனார்,
கமலா