உள்ளேயா, வெளியேயா

வின்ஃபோர்ட், அயோவா
25 செப்டம்பர் 1977

அன்புள்ள ஆர்லீன்,

நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். நேற்று மூன்று மணி நேரம் உன் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் கடிதம் என்றால் இப்படித் தொடங்குவதுதான் முறை.

ஸ்டேடியத்தில் நம் இருக்கைப் பகுதிக் காவலர் முன்னிலையில் நேற்று செய்துகொண்ட ஒப்பந்தத்தை மதிக்கிறேன். இனி ஸ்டேடியத்துக்குள் நாம் இருவரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார். "சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுதிப் போடுங்க" என்றாய். எழுதிப் போடுகிறேன்.

வெண்டல் க்ரோல் நான்கு வருடமாக நம் கல்லூரி ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக். அவன் கைக்குப் பந்து வந்த பிறகுதான் எந்த ஆட்டமும் தொடங்கும். மூன்று தோல்விக்காக அவனை உட்காரவைத்துவிட்டு, டோபி ரஸ்க் என்கிற பதினெட்டு வயதுப் பையனிடம் பந்தைக் கொடுக்கப் போகிறார்களாம். ஒலிபெருக்கியில் அதைச் சொன்னதும் நீ எழுந்து நின்று கைதட்டினாய். நம் பகுதியில் வேறு யாரும் எழவில்லை. அப்போது நான் உன்னை நன்றி கெட்டவள் என்று சொன்னது தவறு. அவ்வளவு சத்தமாகச் சொன்னது அதைவிடத் தவறு.

ஆனால் பின்வரிசையிலிருந்து மெர்வ் சொன்னதையும் நீ கேட்டிருப்பாய். "இன்னும் மீசையே முளைக்கல, அவன்கிட்ட டீமைக் குடுக்கறாங்களாம்! முதல்ல என் கடைக்கு வந்து ஒரு தடவ சவரம் பண்ணிக்கட்டும்." ஊரின் ஒரே முடிதிருத்துநர் சொல்வதில் கொஞ்சம் சுயநலம் இருக்கலாம். விஷயமும் இருக்கிறது.

நம் விவாகரத்துத் தீர்ப்பில் வீடும் நாயும் உனக்கு, படகும் ட்ரக்கும் எனக்கு என்று மளமளவென்று எழுதிய நீதிபதி, ஸ்டேடியத்தின் இந்த இரண்டு இருக்கைகள் வந்ததும் பேனாவை வைத்துவிட்டார். அவரும் இதே கல்லூரியில் படித்தவர். "கல்யாணத்த என்னால பிரிக்க முடியும். முப்பத்தொண்ணாம் வரிசைய முடியாது" என்றார். அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

டெல்பர்ட்

பி.கு.: அடுத்த வருடத்துக்கு இருக்கைகளைப் புதுப்பிக்கும் கார்டு வீட்டு முகவரிக்குத்தான் வரும். இரண்டு கையெழுத்தும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் இரண்டு இருக்கையும் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். வந்துவிட்டதா?

*

29 செப்டம்பர் 1977

மதிப்புக்குரிய டெல்பர்ட்,

கடிதம் வந்தது. என் நலத்தை எழுத்துமூலமாக விசாரித்திருக்கிறீர்கள். இருபத்தெட்டு வருடத்தில் இதுதான் முதல் முறை என்பதால் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

க்ரோல் நல்ல பையன். பெண்களுக்குக் கதவைத் திறந்து பிடிப்பான், தேவாலயத்தில் பாடுவான். ஆனால் பந்து கைக்கு வந்தால் யோசிப்பான். யோசித்து முடிப்பதற்குள் நான்கு பேர் அவன்மேல் விழுந்திருப்பார்கள். பந்தைத் தொலைக்கவே மாட்டான் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். பந்தோடு சேர்ந்து புறப்பட்ட இடத்திலேயே படுத்துக்கிடப்பான். ஒருவர் எதையும் தொலைக்கவில்லை என்பதற்காக அவரோடு அதே இடத்தில் எத்தனை வருடம் இருக்க முடியும்?

நான் க்ரோலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ரஸ்க் தப்பாக எறியலாம். ஆனால் எறிவான்.

ஆர்லீன் ஸ்டக்கி

*

9 அக்டோபர் 1977

அன்புள்ள ஆர்லீன்,

உன் ரஸ்க் எறிந்தான். மூன்று முறை எதிரணிக்காரன் கைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தான். பின்னால் நடந்த பேச்சு உனக்கும் கேட்டிருக்கும்.

"என்னடா இவன், அந்தப் பக்கமும் சம்பளம் வாங்கறானா?" என்றான் மெர்வ்.

"நீ முடி வெட்டற மாதிரிதான் அவன் எறியறான். எங்க போய் விழும்னு எறியறவனுக்கே தெரியாது. வயசாச்சு, உன்னயே ஊரு பொறுத்துக்கலயா?" என்றாள் அவன் மனைவி டாட். கணவன் மனைவி அப்படித்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

இனி சொல்லப்போவது விவாதம் அல்ல. கோல் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் நேரத்தில் என்னால் பார்க்க முடியாது, உனக்குத் தெரியும். கண்ணைப் பொத்திக்கொள்வேன். இருபத்தாறு சீசனாக நீ என் காதருகே குனிந்து ஒரே ஒரு சொல் சொல்வாய்: "உள்ளே" அல்லது "வெளியே". நேற்று பொத்திக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தம். கடைசியில் மெர்விடம் கேட்டேன். "போச்சு, எல்லாம் போச்சு" என்றான். நான்கு நிமிடம் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பலகையில் நமக்கு மூன்று புள்ளி ஏறியிருக்கிறது. மெர்வ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

நாம் ஜெயித்ததை நான் அன்று கடைசியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

நீ பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு கோப்பையில் காபி ஊற்றினாய். பிறகு நினைவு வந்து, இரண்டாவதை மெர்விடம் நீட்டினாய். அவன் சர்க்கரை போதவில்லை என்றான். 

டெல்பர்ட்

பி.கு.: கார்டு?

*

13 அக்டோபர் 1977

டெல்பர்ட்,

காபி வெறும் கைப்பழக்கம். அதில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை.

கண்ணைப் பொத்துவதைப் பற்றி நீங்களே எழுதியதால் நானும் எழுதுகிறேன். என் தங்கை ஐனெஸ் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம் முழுவதும் நீங்கள் கீழே ட்ரக்கில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களால் பார்க்க முடியாது என்றீர்கள். கடைசி நாள் நான் தனியாக மாடியிலிருந்து இறங்கி வந்தேன். கண்ணாடியை இறக்கி என் முகத்தைப் பார்த்தீர்கள், நான் சொல்வதற்காக. நானும் சொன்னேன். அன்றைக்குத்தான் இந்த வேலை போதும் என்று தோன்றியது. நம் இருவருக்குமாக நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரஸ்க் எறிந்த மூன்றும் மோசம். நான்காவது ஐம்பது கஜம் போனது. அதை நீங்கள் எழுதவில்லை.

ஆர்லீன்

*

30 அக்டோபர் 1977

அன்புள்ள ஆர்லீன்,

ஐனெஸ் பற்றிப் பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தேன். நீ எழுதியது சரி. அவ்வளவுதான் மிஞ்சியது.

ரஸ்க் தேறிவிட்டான். வரிசையாக மூன்று வெற்றி. மெர்வே அவனுக்கு இலவசச் சவரம் அறிவித்துவிட்டான். மாற்றியது சரியா தவறா என்று ஊரில் கடைக்குக் கடை நடந்த சண்டை ஓய்ந்துவிட்டது. இப்போது எல்லோரும் முதலிலிருந்தே ரஸ்க் பக்கம்தானாம். செப்டம்பரில் நீ மட்டும் எழுந்து நின்றதை நான் யாரிடமும் மறுக்கவில்லை.

க்ரோல் பெஞ்சு ஓரத்தில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டே இருக்கிறான். அவனைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

நேற்று எதிர்ப்பக்கத்தில் பல் மருத்துவர் ஃப்ளாய்ட் அமுண்ட்சனைப் பார்த்தேன். பைனாகுலர் வைத்திருந்தார். ஆட்டம் மைதானத்தின் வலது கோடியில் நடந்தபோதும் அவருடைய பைனாகுலர் முப்பத்தொன்றாம் வரிசையில்தான் இருந்தது. நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் உரிமையும் எனக்கில்லை. நேற்றிரவு தூக்கம் இல்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். அது ஆட்டத்தை நினைத்தும் இருக்கலாம்.

டெல்

பி.கு.: கார்டு இந்நேரம் வந்திருக்கவேண்டும். அஞ்சல்காரரை விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

*

3 நவம்பர் 1977

டெல்பர்ட்,

கேட்காமல் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஃப்ளாய்ட் ஓய்வுபெறப் போகிறார். அரிசோனாவில் வீடு வாங்கியிருக்கிறார். இந்த மாதக் கடைசியில் நன்றி நாள் விடுமுறைக்கு வந்து பார்க்கச் சொல்கிறார். பார்ப்பதற்கு மட்டும் என்கிறார். அங்கே குளிர்காலமே கிடையாதாம். ஜனவரியில் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நிற்கலாமாம். நின்று என்ன செய்வது என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அவர் நல்ல மனிதர். எதைக் கண்டும் முகத்தைத் திருப்பமாட்டார். சொல்லப்போனால் எல்லாவற்றையும் விளக்கு வைத்துப் பார்ப்பார். காபி குடிப்பதில்லை; பல் கறுக்கும் என்கிறார்.

கார்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. குளிர்பெட்டிக் கதவில் மாட்டியிருக்கிறேன். கடைசி நாள் டிசம்பர் ஒன்று. நான் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் முடிவு செய்யவில்லை.

ஆர்லீன்

*

20 நவம்பர் 1977

அன்புள்ள ஆர்லீன்,

நேற்று கடைசி ஆட்டம். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், ஆறு விநாடி பாக்கி, உதைக்கவேண்டும். நான் கண்ணைப் பொத்திக்கொண்டேன். முதலில் ஸ்டேடியம் முழுவதும் "ஐயோ" என்றது. பிறகு சத்தமே இல்லை. பிறகு இரைச்சல். சந்தோஷ இரைச்சலா, சாவு இரைச்சலா என்று தெரியவில்லை. மெர்வைக் கேட்க எனக்குத் துணிவில்லை. அப்படியே இருந்தேன். இனி யாரும் சொல்லப்போவதில்லை, இப்படியே வீட்டுக்குப் போய்விடவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது என் முழங்கையில் சூடாக ஏதோ பட்டது. கையை எடுத்தால், கோப்பை. காபி. பலகையில் நாம் இரண்டு புள்ளி முன்னே.

நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒப்பந்தம் மீறப்படவில்லை. காவலரிடமும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த "ஐயோ" என்ன? க்ரோல்தான் காப்பாற்றினான் என்று மெர்வ் சொல்கிறான். பெஞ்சில் இருந்தவன் எப்படிக் காப்பாற்றுவான்? மெர்வை நம்புவதற்கில்லை. நீ பார்த்ததை எழுது.

டெல்

பி.கு.: இந்த முறை நான் கார்டைப் பற்றிக் கேட்கவில்லை.

*

22 நவம்பர் 1977

டெல்பர்ட்,

மெர்வ் ஒருமுறை உண்மை சொல்லியிருக்கிறார்.

உதைப்பதற்கு முன்னால் பந்தை வாங்கித் தரையில் நிறுத்திப் பிடிக்க ஒருவன் மண்டியிடவேண்டும். சீசன் முழுவதும் அதைச் செய்தது க்ரோல்தான். குவார்ட்டர்பேக் வேலையை எடுத்துக்கொண்டார்கள், மண்டியிடும் வேலையை அவனிடமே விட்டுவிட்டார்கள். அவன் ஒவ்வொரு முறையும் ஓடிவந்து மண்டியிட்டான். அந்த நேரங்களில் எல்லாம் நீங்கள் கண்ணைப் பொத்தியிருந்ததால், உங்கள் க்ரோலை நீங்கள் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை பந்து சரியாக வரவில்லை. தரையில் உருண்டு, சேற்றில் புரண்டு வந்தது. அதுதான் "ஐயோ". நான் ரஸ்க்கைப் பார்த்தேன். பையன் கோட்டுக்கு வெளியே தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டிருந்தான். க்ரோல் மூடவில்லை. இந்த ஒரு முறை அவன் யோசிக்கவும் இல்லை. ஒரு கையால் அள்ளி, ஒரு விரலால் நிறுத்தி, உதைக்கிறவனுடைய கால் தன் முகத்துக்கு அரை அடியில் வரும்வரை பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாற்றியது தவறு என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். அறுபது கஜம் கொண்டுவந்து சேர்த்தது ரஸ்க். ஆனால் நீங்கள் செப்டம்பரிலிருந்து உங்களை க்ரோல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், டெல்பர்ட். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாம் இருவரும் தப்பு. துண்டு போட்டு மூடியவன்தான் நீங்கள். பதினெட்டு வயதில் அதை மன்னிக்கலாம். ஐம்பத்தாறில் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதனுடன் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. உள்ளே கார்டு. கையெழுத்துப் போட்டு உங்களுடையதற்காக அனுப்பியிருக்கலாம். போடாமல், இனி உங்கள் பாடு என்றும் அனுப்பியிருக்கலாம். நான் சொல்லப்போவதில்லை. மெர்விடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள்.

நீங்களே பாருங்கள்.

ஆர்லீன்

*

27 நவம்பர் 1977

அன்புள்ள ஆர்லீன்,

உறை நான்கு நாளாக மேஜைமேல் உப்புப் புட்டியில் சாய்ந்து நிற்கிறது. நன்றி நாளன்று அதற்கு எதிரே உட்கார்ந்துதான் வான்கோழி சாப்பிட்டேன். பேச்சுத்துணைக்குப் பரவாயில்லை.

நீ அரிசோனாவில் இருக்கிறாயா, இங்கேயா என்று தெரியவில்லை. நான் உன் தெருப்பக்கம் போகவில்லை. மெர்வ் போனான். உன் கார் வாசலில் நிற்கிறது என்றான். எல்லாம் போச்சு என்று சொன்னவனும் அவன்தான் என்பதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நேற்று அவன் வந்து உறையைப் பார்த்துவிட்டான். "குடுடா, நான் பிரிச்சுச் சொல்றேன். ஒரு நிமிஷ வேலை. இப்படியே வெச்சிருந்தா உனக்கு இருக்கற முடியும் கொட்டிடும், அப்புறம் என் பொழப்பு என்ன ஆவறது?" என்றான். கொடுத்துவிடலாம் என்று கையை நீட்டிவிட்டேன், ஆர்லீன். உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா. பிறகு இழுத்துக்கொண்டேன். "வேணாம்டா. இது நான் பாக்கவேண்டியது" என்றேன். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு பேசாமல் போனான். மெர்வ் பேசாமல் போய் நான் பார்த்ததில்லை.

ஐனெஸ் இருந்த ஆஸ்பத்திரி நான்கு மாடி. நான் ட்ரக்கிலிருந்து ஜன்னல்களை எண்ணினேன். மூன்றாம் மாடியில் வலமிருந்து ஐந்தாவது. ஏழு நாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படியேறியிருக்கவேண்டும். நீ இறங்கி வரும்வரை காத்திருந்திருக்கக்கூடாது.

என் முழங்காலைப் பற்றி டாக்டர் என்ன சொன்னாலும், மண்டியிட்டு ஒரு பந்தைப் பிடிக்க இன்னும் என்னால் முடியும் என்றுதான் நினைக்கிறேன். மூடாமல் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. இப்போது ஞாயிறு காலை பத்து மணி, நல்ல வெளிச்சம். கடிதத்தை முடித்துவிட்டு உறையைப் பிரிக்கப் போகிறேன்.

உள்ளே எப்படி இருந்தாலும், இத்தனை சீசன் சொன்னதற்கு நன்றி.

டெல்

பி.கு.: பிரித்துவிட்டேன். கையை முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. ஆர்லீன், உள்ளே. மேல்கோட்டில் உன் கையெழுத்து இருக்கிறது, நீல மையில், வழக்கம்போல் இடதுபக்கம் சாய்ந்து. ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருக்கிறாய்: "அடுத்த வருஷம் காபிய நீங்க கொண்டு வாங்க." மூன்று முறை பார்த்தேன்.

உனக்குச் சர்க்கரை எத்தனை கரண்டி என்று யோசித்தேன். இருபத்தெட்டு வருடம், எனக்குத் தெரியவில்லை. அஞ்சலை நம்புவதாக இல்லை. இந்தக் கடிதத்தையும் கார்டையும் நாளை நானே கொண்டுவருகிறேன். நீ காபி கலக்கும்போது பார்த்துக்கொள்கிறேன்.