கட்டிவைத்த கயிறு

ஜூன் 10, திங்கள்

இந்தக் குப்பை ஆலைக்கு இன்னும் பத்து வருஷம் ஓடத் தெம்பிருக்கிறதா என்று பார்க்க எங்கள் குழுவைப் போட்டிருக்கிறார்கள். அங்கே மேஸ்திரி என் சொந்த அண்ணன் ரதீஷ். வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். ஆளில்லையாம்.

அம்மா சோறு போடும்போதே சொல்லிவிட்டாள்: "அவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டா இந்த வீட்டுப் படி ஏறாதே, செல்வி."

ஜூன் 12, புதன்

காய்ந்த அட்டையும் காகிதமுமாகப் போட்டு ஓட்டிக் காட்டினார்கள். யாருக்குக் காது குத்துகிறார்கள்? மட்டாஞ்சேரி ஓட்டல் குப்பையும் மீன் கழிவும் கொண்டுவாருங்கள் என்றேன். மழையில் ஊறியது விழுந்ததும் அரவை மிஷின் திணறி அடைத்துக்கொண்டது. அண்ணன் கம்பியோடு மேலே ஏறிவிட்டான் — மிஷின் ஓடும்போதே! தினமும் இப்படித்தானாம். அவசரக் கயிற்றை இழுத்தேன். நிற்கவில்லை. அடிக்கடி நின்று வேலை கெடக் கூடாதென்று, கயிறு போய்ச் சேரும் சுவிட்சைத் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், பாவிகள். ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

இறங்கி வந்தவன் என்னை எல்லார் முன்னாலும் அறைந்தான். உதடு கிழிந்தது. "எடீ, இத நம்பி நாப்பது குடும்பம்டீ!" நானும் விடவில்லை. அவன் சட்டை என் கையோடு வந்தது.

தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 13

ஜன்னலில் கல். அம்மா கண்ணாடியைப் பெருக்கினாள்.

ஜூன் 18

துணியை அவிழ்த்தாச்சாம். நாளை மறுசோதனை. பயமா இருக்கு. இருந்தா இருக்கட்டும், போவேன்.

ஜூன் 19, புதன்

காலையில் கயிற்றை நானே இழுத்துப் பார்த்தேன், நின்றது. சாயா குடித்துவிட்டு வருவதற்குள் திரும்பக் கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரியாது. மிஷின் அடைத்ததும் மானேஜர், கேசவ் என்ற தொழிலாளியை மேலே ஏற்றினான். கேசவின் கால் உள்ளே போய்விட்டது. ஐயோ, அந்த அலறல்! கயிற்றை இழுக்கிறேன், நிற்கவில்லை. மெயினுக்கு ஓடினால் மானேஜர் மறித்து என்னைக் கீழே தள்ளினான். அண்ணன்தான் தாவி ஏறி, துணியைக் கத்தியால் அறுத்துக் கயிற்றை இழுத்தான். நின்றது. கேசவின் பாதம் நசுங்கிவிட்டது, உயிர் இருக்கிறது.

அப்புறம், சோதனையைக் கெடுத்துவிட்டான் என்று அண்ணனை அடித்தார்கள். கூட வேலை செய்தவர்களே, கம்பியால். "நாப்பது குடும்பம்டா!"

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இரண்டு பல் இல்லை. அம்மா ரத்தம் துடைத்தாள்.

"உள்ளதை எழுது, துணி கட்டினது நான்தான்னு. கேட்டியா."

"கேஸாகும், அண்ணே. வேலையும் போயிரும்."

"எழுதுடீ."

எழுதினேன். முடிக்கும்வரை அம்மா பக்கத்திலேயே நின்றாள். தடுக்கவில்லை.