கரிச்சட்டி வைத்த அறை

1981 ஜூலை 8, புதன்

மழை விடவில்லை. பள்ளிக்கு வந்தது பாதிப் பிள்ளைகள். ரெஜினாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது, எழுந்தால் தலை சுற்றல். பாப்பா பால் குடிக்கிறாள். இரண்டு பேரும் இந்தக் குளிரைத் தாண்டிவிட்டால் போதும், மாதாவே.

வாங்க: மண்ணெண்ணெய், பூண்டு, லாம்புத் திரி.

பாதர் கொடுத்த பழைய ஆங்கிலச் சஞ்சிகை. பள்ளி ஆண்டு மலருக்கு அதிலிருந்து ஒரு கட்டுரை எழுத வேண்டும். எங்கோ ஒரு விண்மீன் மண்டலம், நடுவில் கருந்துளை இருக்கலாமாம். அது கண்ணுக்குத் தெரியாது. சுற்றிலும் வாயு, சூடாக. ஆகாயமெல்லாம் உறைகிற குளிர், அங்கே மட்டும் சூடு. நம் வீட்டில் அப்படி ஒரு மூலை இருந்தால் தேவலை.

9, வியாழன்

அக்கா தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே இங்கே. கையில் இரும்புச் சட்டி நிறையக் கரி நெருப்பு. "பச்ச ஒடம்புக்காரி. வாடக் காத்து பட்டா சன்னி வந்துரும் தம்பி. கதவச் சாத்து." ஜன்னல் இடுக்கில் சாக்கை நான் அடைத்தேன். விறகு மாதிரிப் புகையவில்லை, நல்ல ஏற்பாடு. ரெ. சிரித்தாள். "இப்பதாங்க காலு சூடாகுது."

10, வெள்ளி

ரெ.க்குத் தலைவலி, வாந்தி. வெளி வாசலில் உட்கார்ந்ததும் கொஞ்சம் குறைந்தது. அக்காவுக்குக் கோபம். "ஈரக் காத்துல உக்காந்தா தல வலிக்காம என்ன செய்யும்?" மறுபடி உள்ளே. தோட்டத்து டொக்டர் ஐயா அட்டன் டவுனுக்குப் போயிருக்கிறார். கரி இன்னும் கொஞ்சம் போட்டோம்.

11, சனி

காலையிலிருந்து பாப்பா ஓயாத அழுகை. "அங்கிட்டுத் தூக்கிட்டுப் போங்க. நான் கொஞ்சம் தூங்குறேன்" என்றாள் ரெ. முன்னறையில் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு எழுதினேன். அந்த வாயுவில் பெரும்பங்கு ஐதரசன், அதைப் பிடிப்பது கஷ்டம். கூடவே இருக்கும் கார்பன் மொனொக்சைட்டை, நம் பாடநூலில் காபனோரொட்சைட்டை, வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு விளங்க ஒரு வரி சேர்த்தேன்: நிறமில்லை, மணமில்லை, நச்சு, காற்றோட்டமில்லாமல் கரி எரிந்தால் நம் வீட்டிலும் உண்டாகும்.

எழுதி முடித்தேன். மை காய ஊதினேன். அதற்குப் பிறகுதான் எழுந்து உள்ளறைக்கு ஓடினேன்.

12, ஞாயிறு

அடக்கம். பெட்டி மூடும்வரை முகம் சிவந்தே இருந்தது. "தூங்குற மாதிரியே இருக்காங்க டீச்சரம்மா" என்றார்கள், என் பெண்டாட்டி என்பதால்; அவள் ஒரு நாளும் டீச்சராக இருந்ததில்லை. டொக்டர் ஐயா சன்னி என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். பாப்பாவுக்குப் புட்டிப் பால். குடிக்க மாட்டேன் என்கிறாள்.

15, புதன்

மழை. கட்டுரையை அடுப்பில் போட்டேன்.

அக்கா வந்தாள். மேல் லயத்து வரிசை வீட்டில் ராணிக்கு நேற்றுப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். "அந்தச் சட்டியக் குடு தம்பி. ரெஜினாவத்தான் காப்பாத்த முடியல, அவளயாவது பாப்போம்."

உட்காரச் சொன்னேன். சட்டி, கரி, அந்த வாயு, எல்லாம் சொன்னேன். அவள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நானா தம்பி?"

"சாக்க அடச்சது நான்க்கா."