முன்படியால் இறக்கினோம்

உ
சிவமயம்

களுவாஞ்சிக்குடி
1934 கார்த்திகை

அன்புள்ள தம்பி அழகரத்தினத்துக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் சுகத்துக்கு மாமாங்கப் பிள்ளையார் துணையிருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை மனம் வரவில்லை. மாரி பிடித்துவிட்டது. வாவி நிரம்பித் தோட்டங்களைத் தொட்டு நிற்கிறது. அத்தான் விதைப்பென்று வயல் வட்டையிலேயே கிடக்கிறார்.

உன் கடிதம் கிடைத்தது. நீ படம் கீறிய மாளிகையைத் துரை பாராட்டினாராம், வருகிற கிறிஸ்மஸ் விருந்துக்கு உன்னையும் அழைத்திருக்கிறாராம். மலைநாட்டில் அவருடைய சிநேகிதருக்கும் அதே மாதிரி வீடு கீறப் போகிறாயாம். அதற்கு என் ஆசீர்வாதம் கேட்டிருக்கிறாய். முதலில் அந்த வீட்டில் நடந்ததைக் கேள்.

துரையின் பாட்டன் வீடு இங்கிலாந்தில் முந்நூறு வருஷமாக நிற்கிறதாம். அதை அப்படியே இங்கே இறக்கிவிட்டீர்கள். வியர்த்து வடிகிற ஊரில் குளிர்காய நாலு புகைக்கூடு. ஈயக் கம்பிக்குள் சின்னச் சின்னக் கண்ணாடி வைத்த, திறக்க முடியாத யன்னல். வாவிக்காற்று சுவரில் முட்டித் திரும்புகிறது. அதெல்லாம் அவர்கள் விருப்பம். நான் கேட்பது அந்தப் படியை. மண்டபத்தின் நடுவே முதிரைப் பலகையில் பூ வெட்டிய அகலப் படி துரைமாருக்கு. குசினிக்குப் பின்னால், சுவருக்குள்ளே சுருண்டு ஏறுகிற இருட்டுப் படி வேலைக்காரருக்கு. வேலைக்காரர் கண்ணில் படாமலிருப்பதுதான் அந்த வீட்டின் அழகு என்று நீதானே சொன்னாய்?

அந்த இருட்டுப் படியில்தான் புஸ்பம் விழுந்தாள். அதே வீட்டில் வேலை செய்த சீனித்தம்பியின் பெண்சாதி, ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. விருந்தாளிகளின் குளிப்புக்குச் சுடுதண்ணீர் வாளியோடு ஏறியவள், வளைவில் கால் வைக்க இடமில்லாமல் சறுக்கினாள். மற்ற வேலைக்காரிகள் அவளை மேலே இழுத்துக் கிடத்திவிட்டு, அரசாங்க மருத்துவிச்சி என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போனபோது இரத்தம் நிற்கவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பின்படியால் இறக்கப் பார்த்தோம். தூக்குகிறவனே ஒருக்களித்துத்தான் இறங்கலாம். படுத்தவளை எப்படி வளைப்பது?

முன்படிக்குப் போனோம். பட்லர் கையை விரித்து மறித்தான்.

“இதால போக ஒண்ணா. கீழ விருந்து நடக்குது. சாப்பிட்டு முடியட்டும்.”

புஸ்பம் என் கையைப் பிடித்தாள். “அக்கா, என்ட புள்ள அசையுதில்ல அக்கா.”

அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை. சீனித்தம்பி தலைப்பக்கம், நான் கால்பக்கம். சீலையில் கிடத்தி அந்த அகலப் படியால் இறக்கினோம். மண்டபத்தில் இருந்தவர்களின் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஒருவரும் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. துரைசாணி மட்டும் எழுந்து படியைக் காட்டி ஏதோ சொன்னாள்.

“படியக் கழுவிட்டுப் போகட்டாம்” என்றான் பட்லர்.

“கழுவுறவள் இந்தா இதில கிடக்காள்” என்றேன்.

வாசலில் மோட்டார்கள் வரிசையாக நின்றன. காத்தான்குடிப் பாறூக் என்ற சாரதி, தன் எசமானைக் கேளாமலே கதவைத் திறந்தார். அந்த மனிதருக்கு இன்னும் வேலை இருக்கிறதோ தெரியாது. அவரால்தான் புஸ்பம் உயிரோடு இருக்கிறாள்.

பிள்ளை தங்கவில்லை. ஆண் பிள்ளை.

மறுநாளே புருஷனும் பெண்சாதியும் வேலைக்கு வரவேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். அனுமதியில்லாமல் விருந்து மண்டபத்துக்குள் நுழைந்தேனென்று என்மேலும் மேலிடத்துக்கு முறைப்பாடு போயிருக்கிறது. விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். நடந்ததை நடந்தபடியே சொல்வேன். அத்தான் மன்னிப்புக் கேட்கலாமே என்கிறார். எதற்குத் தம்பி? பெண்ணொருத்தியைப் படியால் இறக்கியதற்கா?

இரண்டு படி கீறத் தெரிந்த உனக்கு, இரண்டாவதில் ஏறப் போவது யார் என்று கேட்கத் தோன்றவில்லையா? கந்தோரில் மேலதிகாரி சொன்னதைத்தான் கீறினேன் என்பாய். அந்த மேசையில் ஒரு தமிழன் இருக்கிறானே என்றுதான் நாங்கள் பெருமைப்பட்டோம்.

விருந்துக்கு வருகிறதும் வராததும் உன் விருப்பம். வந்தால், துரை வீட்டு வாசலை மிதிக்குமுன் என்னோடு சீனித்தம்பி வீட்டு வளவுக்கு வா. புஸ்பம் இன்னும் எழும்பி நடக்கவில்லை. அந்த வீட்டைக் கீறியது என் தம்பி என்று அவளுக்குத் தெரியாது. தினமும் மருந்து கட்டப் போகிறேன், சொல்லாமலே திரும்புகிறேன். நீயே வந்து சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, கொழும்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. உன் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று இன்று காலையும் கோயிலில் கும்பிட்டேன். கோபத்தோடுதான் கும்பிட்டேன், ஆனாலும் கும்பிட்டேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா
சீதேவிப்பிள்ளை