நான் பிரித்துப் பார்த்த ஸ்பூன்

என் அருமை மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். வீட்டு மின்விசிறிகளில் இரண்டு நலம், மூன்றாவதை நான் கழற்றிப் போட்டிருப்பதால் அதன் நலத்தைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை. நீ எப்படி இருக்கிறாய், இருமல் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதத்தைத் தேடிப் பிடித்து எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். இது உன் அம்மா எனக்கு விதித்த தண்டனை. போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவேனாம், கையால் எழுதினால்தான் உறைக்குமாம். எழுதி முடித்ததும் அவளிடம் கொடுக்க வேண்டும், படித்துவிட்டு அவள்தான் தபாலில் போடுவாள். ஆகவே இந்தக் கடிதத்தில் உன் அம்மாவைப் பற்றி வருகிற நல்ல வார்த்தைகளையெல்லாம் கொஞ்சம் தள்ளுபடி செய்து படித்துக்கொள்.

முதலில் நீ இதுவரை அனுப்பிய சாமான்களின் நிலவரம். சாவிக்கொத்தில் மாட்டுகிற விசில் வில்லை நன்றாக வேலை செய்கிறது, போனில் அமுக்கினால் சாவி இருக்கிற இடத்திலிருந்து கூவுகிறது. என்ன, அமுக்குவதற்குப் போனைத் தேட வேண்டியிருக்கிறது. தானே தரையைப் பெருக்குகிற அந்த வட்ட மிஷின் தினமும் காலையில் உற்சாகமாகக் கிளம்பி, அலமாரிக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு, காப்பாத்துங்க என்கிற தோரணையில் கத்துகிறது. நான் தரையில் குப்புறப் படுத்து அதை வெளியே இழுப்பதற்குள் என் சட்டையே பாதி வீட்டைப் பெருக்கிவிடுகிறது. உன் அம்மா சொல்கிறாள், மிஷின் வந்ததிலிருந்து வீடு சுத்தமா இருக்கு, நீங்கதான் அழுக்கா இருக்கீங்க என்று. இதெல்லாம் கேலி இல்லை பாப்பா. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெருக்கியதை நான் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், எனக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியிருக்கிறது.

இனி ஸ்பூன் விவகாரம். அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது, டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை, கை மட்டும் ஆடும் என்று சொன்னதெல்லாம் உனக்குத் தெரியும். அவள் தான் வேலை பார்க்கும் நூலகத்தில் எல்லாரும் உட்காரும் சாப்பாட்டு மேசைக்குப் போவதையே நிறுத்திவிட்டு, பழைய செய்தித்தாள் கட்டுகளுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது. அவளோடு வேலை பார்க்கும் சோடாபுட்டிக் கண்ணாடிக்கார அம்மாள் மிக்ஸியைப் பழுதுபார்க்க என் கடைக்குக் கொண்டுவந்தபோது, எங்க மேல என்ன கோவமோ தெரியல சார், பக்கத்துலயே வர மாட்டேங்கறாங்க என்று சொன்ன பிறகுதான் புரிந்தது. அன்றைக்கே நான் களத்தில் இறங்கினேன். கனமாக இருந்தால் ஆடாது என்று கணக்குப் போட்டு, ஒரு மோட்டாரின் பெரிய நட்டை ஸ்பூன் பிடியில் பற்றவைத்துக் கொடுத்தேன். அம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது சாப்பிடறதுக்கா, இல்ல உடற்பயிற்சிக்கா என்று கேட்டாள். அப்புறம்தான் கடையிலிருந்து உனக்குப் போன் பண்ணினேன், நீயும் அந்த நடுங்காத ஸ்பூனை அனுப்பினாய். கை எந்தப் பக்கம் ஆடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தானே நகர்ந்து, முனையை அசையாமல் வைத்துக்கொள்ளும் என்று நீ விளக்கினாய். அம்மாவிடம் அதைச் சொன்னபோது, அது வரட்டும், ஒரு நாள் மேசைக்குப் போய்த்தான் பார்க்கறேன் என்று மட்டும் சொன்னாள். எட்டு மாதத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இப்போது உட்கார்ந்துகொள். பார்சல் கடைக்கு வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் முப்பது வருஷமாகப் பிரித்துப் போட்டே பிழைக்கிறவன். ஒரு சாமான் உள்ளே என்ன செய்கிறது என்று தெரியாமல் அதை எப்படியம்மா வீட்டுக்குள் விடுவது. அஞ்சே நிமிஷம், பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் திறந்தேன். உள்ளே நகத்தளவில் ஒரு பச்சைப் பலகை, முடி மாதிரி ஒயர்கள், ஒன்றின் மேல் ஒன்று கோணலாகக் கிடந்தன. எவனோ அவசரத்தில் போட்டிருக்கிறான் என்று நினைத்து, என் வழக்கப்படி பலகையைத் திருப்பி வைத்து ஒயர்களையெல்லாம் வரிசையாகப் படியவைத்து மூடினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சோதித்துப் பார்க்க ஒரு கிண்ணத்தில் பச்சைப் பட்டாணி வைத்துக்கொண்டு, உன் அம்மா மாதிரியே கையை லேசாக ஆட்டினேன். என் கை ஒரு விரல் ஆடினால் ஸ்பூன் அதே பக்கம் ஒரு சாண் ஆடியது. ஒரு பட்டாணி நாள்காட்டியில் பட்டது, இன்னொன்று இஸ்திரிப் பெட்டி வாங்க வந்தவர் நெற்றியில் பட்டது. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் உன் அம்மாவிடம் பொய் சொன்னேன். புதுசுக்கு முதல் சார்ஜ் முழுசா ஏறணும், கடையில போட்டிருக்கேன் என்று ஆரம்பித்து, சார்ஜ் மெதுவா ஏறுது, கரண்ட் சரியில்ல என்று நாளுக்கு ஒன்றாக. இதுக்கு ஏத்தற கரண்டுல ஒரு பஸ்ஸையே ஓட்டலாம் என்று அவள் சொன்னபோதும் சிரித்துச் சமாளித்தேன். ஸ்பூன் எப்படிப்பா என்று நீ கேட்டபோது அருமை என்று சொன்னேனே, அதுவும் பொய்தான், மன்னித்துவிடு. ஒன்பதாம் நாள் காலையில் அவள் டப்பாவைக் கட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல், அது சரிப்படலைன்னா விட்டுடுங்க, எனக்கு அந்த மூலையே பழகிப்போச்சு என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை பாப்பா. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்புறம் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். நீங்க பிரிக்காம கொண்டுவந்து குடுத்திருந்தாத்தான் உங்க உடம்புக்கு என்னவோன்னு நான் பயந்திருப்பேன், போங்க, தெரிஞ்சவங்க கையில குடுத்து சரி பண்ணிட்டு வாங்க என்றாள்.

தெரிந்தவர் என்றால் எங்கள் தெருவில் ஒரே ஆள்தான். எதிர்க்கடையில் செல்போன் பழுதுபார்க்கும் அந்தப் பெண், நெற்றியில் எப்போதும் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டிருப்பாளே, அவள். இடுக்கியால் செய்கிற வேலையெல்லாம் ஒரு வேலையா, ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியுமா என்று வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்லி வைத்திருந்தது அவள் காதுக்கும் போயிருக்கும். ஸ்பூனைத் துணியில் சுற்றிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தெருவைக் கடந்தேன். திறந்து பார்த்தவள் ரொம்ப மரியாதையாக, அண்ணே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இந்தப் பலகையை மட்டும் தலைகீழா வச்சிட்டீங்க, பாவம் இதுக்கு இடது எது வலது எதுன்னே தெரியல என்றாள். ஒயர் கோணலாக இருந்ததம்மா என்றேன். ஒயரை நீங்க அழகாத்தான் வச்சிருக்கீங்க, ஸ்பூன்தான் கிறுக்குப் பிடிச்சு ஆடுது என்றாள். கால்மணி நேரத்தில் திருப்பி வைத்து மூடினாள். கூலி எவ்வளவு என்றேன். கூலியெல்லாம் வேணாம், இனிமே இடுக்கி வேலையும் வேலைதான்னு வர்றவங்க கிட்ட சொல்லுங்க, அது போதும் என்றாள். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், இதுவரை நாலு பேரிடம். அவள் கடை வாசலிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் அம்மா மேசைக்குப் போனாள். ஸ்பூன் சமர்த்தாக இருந்ததாம், ஒரு பருக்கை சிந்தவில்லையாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்தாள், எட்டு மாதத்து ஊர்வம்பு அத்தனையும் அன்று ஒரே நாளில் அவள் காதுக்கு வந்திருக்கிறது. யார் யாரோடு பேசுவதில்லை, யாருடைய மருமகன் மொட்டைமாடியில் தூங்குகிறான், எல்லாம். நான் வம்புக்கு அலைகிறவன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் அன்றைக்கு எனக்கு அந்தக் கதைகள் ஒன்றும் ஏறவில்லை, அவள் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒருவர் ஒரு நடுங்குகிற கையைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறார், அவ்வளவு தூரத்திலிருந்து நீ அதைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாய். அப்பன் மகளுக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை என்பார்கள், நான் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நன்றி பாப்பா.

இன்னும் ஒன்று பாக்கி. போன வியாழக்கிழமை ஸ்பூனுக்குச் சார்ஜ் போட மறந்துவிட்டேன், அது என் பொறுப்பு. அவள் கிளம்பிப் போன பிறகுதான் நினைவு வந்தது, கடையில் ஒரு வேலை ஓடவில்லை, மறுபடி அந்த மூலைக்கே போய்விடுவாளோ என்று அதே நினைப்பு. சாயங்காலம் வந்தவளிடம் மெல்லக் கேட்டேன். ஆமா, பாதியில நின்னுபோச்சு என்றாள். அப்புறம் என்று கேட்டேன். அப்புறம் என்ன, மீதியைக் கொட்டிக் கொட்டிச் சாப்பிட்டேன், அந்தக் கண்ணாடிக்காரம்மா பேச்சை நிறுத்தாமலே தட்டை என் பக்கம் நகர்த்தி வச்சாங்க, ஒருத்தரும் கண்டுக்கல என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

நன்றாக இரு கண்ணு. நோய்நொடி இல்லாமல், நல்ல மனுஷர்கள் பக்கத்தில், மனசு நிறைந்து இரு. இனிமேல் எது அனுப்பினாலும் அம்மாவின் நூலக முகவரிக்கே அனுப்பு, கடைக்கு வேண்டாம். என்னை நானே நம்புவதில்லை.

என்றும் உன் நினைவாக,
ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கத் தெரியாத உன் அப்பா

பாப்பா, அப்பா எழுதியதை நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலும் உண்மைதான். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துப் படி. சாப்பாட்டு மேசையில் ஜன்னல் பக்கத்து நாற்காலிக்கு இங்கே போட்டி, முன்னாடியே போய் உட்கார வேண்டும், கீழே சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அம்மா.