நீமாவுக்கும் புரிய வேண்டும்

ஏனுங்க,

போனில் சொன்னால் பாதியில் மறித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் போர்வெல் போடும் வண்டியோடு தான்சானியாவில் இருக்கிறீர்கள். அந்த நாட்டுப் பெண் ஒருத்தி இங்கே திருச்செங்கோட்டில் என் நர்சிங் வகுப்பில் படிக்கிறாள். பெயர் நீமா.

முதல் தேர்வில் ஐம்பதுக்கு ஏழுதான் வாங்கினாள். கூப்பிட்டுக் கேட்டேன். "மேடம், முக்கியமானதையெல்லாம் நீங்கள் தமிழில்தான் சொல்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சுருக்கென்றது. உண்மைதானே?

மறுநாளிலிருந்து எளிய ஆங்கிலத்தில் நிதானமாக நடத்தினேன். கடினமான சொற்களைப் போர்டில் எழுதினேன். பிரவீனா என்கிற பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"ஒருத்திக்காக நாங்க எல்லாரும் கஷ்டப்படோணுங்களா மிஸ்?"

"நாளைக்கு நீ வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்க தமிழ்லயா கண்ணு பேசுவாங்க?" என்றேன். உட்கார்ந்து, போர்டில் இருந்த சொற்களை நோட்டில் எழுதத் தொடங்கினாள்.

போன வாரம் நீமா செமினார் எடுத்தாள். நடுவில் சொல் வராமல் நின்றுவிட்டாள். நான் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. பிரவீனாதான், "டேக் யுவர் டைம், நீமா" என்றாள். நீமா மூச்சு வாங்கிக்கொண்டு கடைசிவரை பேசி முடித்தாள். வகுப்பே கை தட்டியது.

வேலையை விட்டுவிட்டு அங்கே வரச்சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அடுத்த வருடமும் இந்த வகுப்பு எனக்கே வேண்டும் என்று நேற்று பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பொங்கலுக்கு நீங்கள் வாருங்கள். நீமாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். அங்கே நீங்கள் கற்றுக்கொண்ட சுவாஹிலியில், அவள் பாஷையிலேயே அவளோடு பேச வீட்டில் ஆள் வேண்டும்.

உங்கள்
வீட்டுக்காரி