ஏழு இடத்தில் கயல்

உன் மகளின் பெயர் ஏழு இடத்தில் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நான் கேட்டிருந்த, காரைக்கால் அலுவலக வாயில் பதிவேட்டின் நகல் நேற்றுப் பிற்பகல் தபாலில் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அலுவலக முத்திரை. உன் கையெழுத்துக்குக் கீழே, கட்டத்துக்குள் அடங்காமல், அவளுடையது. முதல் பக்கத்தில் 'க' மட்டும் சாய்ந்து கிடக்கிறது. மூன்றாவதில் 'கயல', புள்ளி இல்லை. ஏழாவதில் 'கயல்', நேராக, தெளிவாக. நாலு வருஷம் உங்களை அலையவிட்டதை அவளே எழுதி வைத்திருக்கிறாள்.

அலையவிட்ட அந்த அதிகாரி விசாரணைக்குக் கொடுத்த பதிலும் என் மேசையில் இருக்கிறது. "குழந்தை ஒருமுறைகூட நேரில் அழைத்து வரப்படவில்லை" என்கிறது. மறுத்துச் சொல்ல நீ இல்லை என்ற தைரியம்.

நீ கேட்டது ஒரே ஒரு கடிதம். பட்டாளத்திலிருக்கும் உன் வீட்டுக்காரரை, காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி உள்ள ஊருக்கு மாற்ற வழி இருந்தது. குடும்பமே அங்கு போய்விடலாம். கயலுக்குக் காது கேட்காது, இங்கே அவளுக்கேற்ற பள்ளி இல்லை என்று காரைக்கால் அலுவலகம் எழுதித் தந்தால் போதும். தஞ்சாவூர் டாக்டரின் சான்றிதழை நீட்டினாய். "அது தமிழ்நாடும்மா, இங்க செல்லாது" என்று அந்த அதிகாரி தள்ளினார்.

என் பத்திரிகைக்கு வேறொரு செய்தி சேகரிக்க அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். அன்றுதான் உன்னை முதன்முதலாகப் பார்த்தது. கயலுக்கு ஐந்து வயது. அவர் மேசையை ஓங்கித் தட்டினார். அதன்மேல் கை வைத்து நின்ற குழந்தை திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"கேக்குதே! இன்னொரு நாள் அழைச்சிட்டு வாங்க, பாப்போம்."

வெளியே வந்து என்னிடம் சொன்னாய்: "மேச அதிர்ந்துச்சுண்ணே, அதான் திரும்புனா. அடுத்த தடவ கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றேன். அந்த ஆளு மேசைய ஒடைக்கட்டும்."

அடுத்த தடவை அவர் தட்டத் தட்ட, கயல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா பழக்கி வச்சிருக்கீங்க" என்றார்.

அங்கே மனிதராக இருந்தவர் வாயில் காவலர் ஒருவர்தான். "பாப்பாவும் கையெழுத்துப் போடட்டுங்க. எங்க ஐயா போட்டா கோழி கெளறுன மாதிரி இருக்கும்." நீ சிரித்தாய். அந்தக் கட்டடத்தில் நீ சிரித்து நான் பார்த்தது அதுதான்.

உன் அலைச்சலைச் செய்தியாக எழுதி முடித்திருந்தேன். அச்சில் வந்தால் கோப்பு நின்றுபோகும், பொறுத்தால் அடுத்த வாரம் கையெழுத்தாகிவிடும் என்றார் அந்த அதிகாரி. "போடுங்கண்ணே, நின்னா நிக்கட்டும்" என்றாய் நீ. "பொறும்மா" என்றவன் நான். அது என் பிழை. அடுத்த வாரம் அவர் பதவி உயர்வில் புதுச்சேரிக்குப் போனார். தையில் காய்ச்சல் கண்டு நீயும் போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் நீ கேட்டது நினைவிருக்கிறது: "அந்த ஆளு நம்மள மறந்துடக் கூடாதுண்ணே."

உன் பதினாறாம் நாளன்று என் செய்தி அச்சில் வந்தது. நாலு வருஷம் வராத கடிதத்தைப் புதிய அதிகாரி ஒரே நாளில் கொடுத்தார். அதை உன் வீட்டுக்காரரின் படைப்பிரிவுக்கு அனுப்பியாயிற்று. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் மாற்றல் உத்தரவு வரும் என்று அவர்கள் சொல்கிறார்கள். இன்னும் வரவில்லை.

செய்திக்குப் பிறகு அந்தப் பழைய அதிகாரி மீது வைத்த விசாரணை வரும் புதன்கிழமை, புதுச்சேரியில். அவர் மன்னிப்புக் கேட்டால் ஏற்கமாட்டேன். அந்த ஏழு பக்கத்தையும் அவர் வாயாலேயே வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அனுமதி உண்டா என்பது அன்று காலைதான் தெரியும்.

கயலையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் சொன்னது சரிதான், நீ அவளைப் பழக்கித்தான் வைத்திருக்கிறாய். யார் வாயிலிருந்து வந்தாலும், உதட்டைப் பார்த்தே தன் பெயரைத் தெரிந்துகொள்வாள். அவருக்கு நேரெதிரே உட்கார வைப்பேன்.